குறை சொல்லி விற்றவர்

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் எனக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்துகொண்டு, செல்போனில் ஒரு வீடியோ கேம் மெஷினைக் காட்டினீர்கள். வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் வாசித்தீர்கள். எல்லாம் நல்லபடியாகவே எழுதியிருந்தார்கள். "இதில் குறை என்னவென்று எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "அப்பா எதை வாங்கினாலும் முதலில் இதைத்தான் கேட்பார்" என்று அம்மாவும் உங்களோடு சேர்ந்துகொண்டாள்.

அது என் சொந்தப் பழக்கம் இல்லை. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வாயால் சொன்னால் பாதியில் உங்களுக்கு வேறு வேலை வந்துவிடும். நானும் ஓரிடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுவேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் அவர் கடை இருந்தது. சுவர்க்கடிகாரம், மிக்சி, டார்ச் லைட், ரேடியோ, இஸ்திரிப்பெட்டி, கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்கிற வெளிநாட்டுச் சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம், நேர் எதிரே, என் முதலாளியின் கடை. அங்கேயும் அதே சாமான்கள்தான். நான் பத்தாவதோடு நின்று, ஏரலில் இரண்டு கடைகளில் சரக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்திருந்தேன். எல்லாரும் எதிர்க்கடைக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இல்லாத இடத்தில் "குறை அண்ணாச்சி" என்பார்கள்.

மெலிந்த ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தால், அதன் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி இரண்டு தடவை தடவுவார். பிறகு சொல்லுவார்: "முதல்ல கெட்டதைக் கேட்டுக்கிடுங்க. நல்லதை டப்பாவுல அவனே அச்சடிச்சுப் போட்டிருக்கான்."

நாசரேத்திலிருந்து ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் சுவர்க்கடிகாரம் வாங்க வந்தார். நான் எதிர்க்கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இது மாசத்துக்கு நாலு நிமிஷம் முந்தும்."

"முந்தட்டுமே. பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் போகலாம்லா?"

"ரிட்டயர் ஆயாச்சு. சீக்கிரம் போயி யாரை அடிக்கப் போறீய?"

வாத்தியார் சிரித்துக்கொண்டே அந்தக் கடிகாரத்தையே வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு அம்மாள் மிக்சி கேட்டு வந்தபோது, "சத்தம் கூடுதல். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவா" என்றார். "வரட்டும் அண்ணாச்சி. இத்தனை வருசம் அவ மிக்சிச் சத்தத்தை நான் கேட்டேன்லா" என்று சொல்லி அந்த அம்மாளும் வாங்கினாள்.

என் முதலாளிக்கு இதெல்லாம் பொறுக்காது. "அந்த ஆளு சரக்கா விக்காரு? சாமியார் முன்னால முட்டுப்போட்டுப் பாவசங்கீர்த்தனம்லா பண்ணுதாரு" என்பார். ஆனால் ஊர்க்காரர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். எங்கள் கடையில் வந்து விலை கேட்பார்கள். ரோட்டைத் தாண்டிப் போய் அண்ணாச்சியிடம் குறை கேட்பார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு, எந்தக் கடையில் பத்து ரூபாய் குறைவோ அங்கே வாங்குவார்கள். எங்கள் கடையில் வாங்கப்போகிற ஆளுக்கும் அவர் முகம் சுளிக்காமல் குறை சொல்லி அனுப்புவார். குளத்தூர்க்காரர், உடன்குடிக்காரர் எல்லாம் "அண்ணாச்சி என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் பணத்தை எடுப்பார்கள்.

இந்தக் குணத்தால் எல்லாருக்கும் நல்லதே நடந்தது என்று எழுதினால் அது பொய். அவருடைய கடைசித் தங்கச்சிக்குச் சாத்தான்குளம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தட்டு மாற்றுகிற நேரம். இவர் எழுந்து நின்று, "சின்னதுல இவளுக்கு நாலைஞ்சு தடவை வலிப்பு வந்திருக்கு. இப்ப பத்து வருசமா இல்ல. தெரிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். பிறகு அந்தத் தங்கச்சிக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, நன்றாகவும் இருந்தாள். ஆனால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அண்ணாச்சி என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். "சொல்லாம அனுப்பியிருந்தா, அவ அங்கன எந்நேரமும் பயந்துகிட்டுலா இருந்திருப்பா?" என்றார். சொல்லிவிட்டு மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இனி, நீங்கள் காட்டியதைப் போன்ற ஒரு பழைய மெஷினுக்கு வருகிறேன்.

அதுவரை நம் ஊரில் வீடியோ கேம் என்றால், கேசட்டை வாயால் ஊதிச் சொருகுகிற சின்னப் பெட்டிதான். அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி புது மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வெளிநாட்டுக் கம்பெனி செய்தது. வெள்ளை நிறம், சிடி போட்டு ஓடும். டிவியில் கார் ஓடினால் நிஜக் காரே ஓடுகிற மாதிரி இருக்கும். மழை பெய்தால் ரோடு நனைந்து மினுங்கும். என் முதலாளி கண்ணை எடுக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை ஓரிடத்தில் வைத்து, பதினெட்டு மெஷின் எடுத்தார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் எல்லாவற்றையும் விற்று, பத்திரத்தையும் மீட்டு, கல்யாணத்தையும் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அண்ணாச்சியும் ஆறு எடுத்தார்.

விலை கூடுதல் என்பதால் சீக்கிரம் போகவில்லை. வாசலில் டிவியை வைத்து ஓடவிட்டால் கூட்டம் கூடும், கூட்டத்தில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அப்படி ஒரு மாதம் போனது. புரட்டாசி பிறந்த பிறகு, கப்பலில் இரண்டாவது இன்ஜினியராக இருந்த ஒரு சாத்தான்குளத்துக்காரர் லீவில் வந்தவர் அண்ணாச்சி கடைக்கு வந்தார். அப்போது என் முதலாளியும் நானும் அங்கேதான் சில்லறை மாற்றப் போயிருந்தோம்.

"அண்ணாச்சி, இதையா அடுக்கி வச்சிருக்கீய?" என்றார் இன்ஜினியர். "செஞ்ச கம்பெனியே இதைக் கை கழுவியாச்சு. சிங்கப்பூர்ல பாதி விலைக்குத் தள்ளுதான்."

"நல்லா ஓடின மெஷின்னுலா சொன்னாங்க?"

"வந்த புதுசுல வரிசையில நின்னு வாங்குனாங்க, நெசந்தான். பிறகு இன்னொரு கம்பெனிக்காரன், இதைவிடப் பெருசா ஒண்ணு கொண்டு வாறேன்னான். சொன்ன உடனே, இதை வாங்க இருந்தவன் எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு அதுக்குக் காத்திருக்கான். ஆளு வாங்கலைன்னா, இதுக்கு ஆட்டம் செய்யுதவன் செய்ய மாட்டான். ஆட்டம் வரலைன்னா ஆளு வாங்க மாட்டான். அப்படியே சுருங்கிப் போச்சு. இனிமே புது ஆட்டமும் கெடையாது, கெட்டுப்போனா மாத்த பார்ட்டும் கெடையாது."

இவ்வளவுதான் சொன்னார். ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளியின் கையில் சில்லறை அப்படியே இருந்தது. அண்ணாச்சி எழுந்துபோய், அலமாரியில் இருந்த ஆறு டப்பாவையும் இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவற்றை இனி விற்கமாட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் மெஷினைப் பற்றி யார் வந்து கேட்டாலும் என்ன சொல்வார் என்பதும் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒம்ம சரக்கைப் பத்தி நீரு என்னவும் சொல்லும்" என்றார் முதலாளி. "என் சரக்கைப் பத்தி வாயைத் தொறக்காதேயும்."

"ரெண்டும் ஒரே மெஷின்லாவே? என்னது செத்துப்போச்சுன்னா ஒம்மது உசுரோடயா இருக்கும்?"

"அப்ப என்னைக் கொல்லுதீரு."

"நான் எங்கவே கொல்லுதேன்? கேட்டா சொல்லுவேன். கேக்காதவன்கிட்ட ஓடிப்போயா சொல்லுதேன்?"

"கேக்காதவன் எவன் இந்த ஊர்ல? பத்திரம் போச்சுன்னா எனக்கு வீடு போச்சு. வீடு போச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் வருவானா? எம்மவ மொகத்தை நீரு வந்து பாரும்."

முதலாளி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணாச்சி வெகு நேரம் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "குலசையில தசராவுக்குக் கொடி ஏறப்போகுதுலா?" என்று கேட்டார். "நான் வருசாவருசம் மாலை போடுதவன்தான். இந்த வருசம் வாயைக் கட்டி மவுன விரதம் இருக்கேன். பத்து நாளு. அதுக்குள்ள ஒம்ம சரக்கை ஒம்ம சாமர்த்தியத்துல வித்துக்கிடும். காப்பு அறுத்த மறுநாளு எவன் வந்து கேட்டாலும் சொல்லிப்போடுவேன்."

அம்மனை ஒரு வியாபாரத்துக்கு மறைப்பாக வைக்கிறோமே என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. ஆனாலும் கொடியேறிய அன்று குலசேகரன்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போய், விரதக் காப்பைக் கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிவப்பு வேட்டியும் மாலையுமாகக் கடையில் உட்கார்ந்தார். பேச்சில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. வாயைக் கட்டினாரே தவிர, அவரால் குணத்தைக் கட்ட முடியவில்லை. மிக்சி கேட்டு வந்தால் இரண்டு காதையும் பொத்திக் காட்டுவார், சத்தம் போடும் என்று. கடிகாரம் கேட்டால் நான்கு விரலைக் காட்டி, விறுவிறு என்று நடக்கிற மாதிரி இரண்டு விரலை மேசைமேல் ஓட்டுவார். இஸ்திரிப்பெட்டிக்கு, கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி உதறுவார். சனங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதைப் பார்க்கவே வந்தார்கள். "அண்ணாச்சி, இந்த டார்ச்சுக்கு என்ன? காட்டுங்க பாப்போம்" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

காலாண்டுப் பரீட்சை லீவு. பிள்ளைகள் வீட்டில் இருந்த நேரம். முதல் இரண்டு நாள் எங்களுக்கு ஒரு மெஷினும் போகவில்லை. மூன்றாம் நாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் வந்து விலை கேட்டார். "எதுத்தாப்புல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறேன்" என்று வழக்கம்போல் ரோட்டைத் தாண்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் எங்கள் கடையைக் கைகாட்டிக் கேட்டார். அண்ணாச்சி காதைப் பொத்தவில்லை. விரலை ஓட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். கிரேன்காரர் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் காட்டலியே தம்பி!" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அவரே ஒண்ணும் காட்டலைன்னா பாத்துக்கிடுங்க அண்ணே" என்றேன்.

மெஷினைக் கட்டிக் கொடுத்தேன்.

நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆட்களிடம், அவர்கள் கேட்பதற்கு முன்பே, "எங்களை நம்ப வேண்டாம். போயி எதுத்த கடை அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டு வாங்க" என்று நானே அனுப்ப ஆரம்பித்தேன். ஏன் அனுப்புகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போகிறவர்கள் கேட்பார்கள். அவர் கை மடியிலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் குறை காட்டுகிற மனுஷன் இதற்கு மட்டும் ஒன்றும் காட்டவில்லை என்றால், அதைவிட என்ன வேண்டும்?

அவர் இதைக் கண்டுகொண்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "கண்ணை மூடி அம்மனை நினைச்சுக்கிட்டிருக்காரு, குறை இருந்தா திரும்பிக் காட்ட மாட்டாரா?" என்றார்கள் கேட்க வந்தவர்கள். உள்ளே போய் நின்றார். உள்ளே போனவரைத் தேடிப் போய் எட்டிப் பார்த்தவர்கள், அலமாரியில் அந்த டப்பா இல்லாததைக் கண்டு, "அண்ணாச்சி கடையில எல்லாம் தீந்துபோச்சு, எதுத்தாப்புலதான் மிச்சம் இருக்கு" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். கையை ஆட்டி வேண்டாம் என்று ஒருதரம் அவர் காட்டியிருக்கலாம். காட்டினால் முதலாளிக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். ஒன்பதாம் நாள் பதினெட்டு மெஷினும் தீர்ந்துவிட்டது. முதலாளி கடைக்குள்ளேயே தரையில் விழுந்து கும்பிட்டார். எனக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்.

காப்பு அறுத்த மறுநாள் காலையில், நாங்கள் கடை திறக்கும் முன்பே அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார். பத்து நாள் பேசாத தொண்டை, குரல் கரகரவென்று வந்தது.

"வாங்குனவங்க வெலாசம் கேரண்டிச் சீட்டுல இருக்கும்லா? அதைத் தாரும்."

"எதுக்கு?" என்றார் முதலாளி.

"சொல்லாத குறையைச் சொல்லணும்."

"விரதம்தானவே இருந்தீரு? ஒரு பொய்யும் சொல்லலியே!"

"பொய் சொல்லியிருந்தாகூட பத்துல ரெண்டு பேரு நம்பாம போயிருப்பான். சும்மா இருந்துலா பதினெட்டையும் வித்துக் கொடுத்திருக்கேன்."

யாராவது மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தன்னிடம் கேட்கக்கூடாது என்றார் முதலாளி. "ஒம்மகிட்ட கேக்க மாட்டேன், ஒம்ம மக கல்யாணத்தை நடத்தும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏலே, ஆளுகளை ஒனக்குத்தான் மொகம் தெரியும். நீ கூட வா."

பதினெட்டில் ஒன்று, அதை வாங்கிய ஒரு கப்பல்காரரோடு வெளிநாடு போய்விட்டது. மற்ற பதினேழு வீட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும், அவருடைய பழைய மொபெட்டில் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைதான். "நீங்க கேட்டப்ப நான் சொல்லல. இப்ப சொல்லுதேன். இதைச் செஞ்ச கம்பெனி இதை விட்டுட்டான். புது ஆட்டம் வராது. வெளிநாட்டுல பாதி விலை. வேண்டாம்னா முழு ரூவாயும் நான் தாறேன். வேணும்னா வச்சுக்கிடுங்க. கெட்டுப்போனா கழட்டி மாட்ட என்கிட்ட ஆறு இருக்கு."

நான் பக்கத்தில் நிற்பேன். அவர் சொல்லுவதைக் கேட்பேன். டீ கொடுத்தால் குடிப்பேன். வாய் திறக்க மாட்டேன்.

சிலர், "இதுக்குப் போயா இவ்வளவு தூரம் வந்தீய?" என்று சிரித்தார்கள். ஐந்து பேர் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் கொடுத்த பணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கிரேன்காரர், "அண்ணாச்சி, இனிமே ஒம்ம கடைக்கு வந்தா, இன்னைக்கு விரதமா இல்லையான்னு முதல்ல கேட்டுக்கிடணும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது ஊரெல்லாம் பரவியது. குறை கேட்க வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும், அவர் சொன்ன பிறகு, "வேற ஒண்ணும் மறைக்கலியே?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். முன்பெல்லாம் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் பொறுமையாகப் பதில் சொல்லுவார். சட்டையின் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துப் போடுவார்.

பதினேழாவது வீடு ஆலந்தலையில். மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால், ஒரு மீன்பிடிக்காரர் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, டிவியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் வேன் மோதியதாம்.

அண்ணாச்சி வழக்கம்போல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்த ஆள் சிரிக்கவில்லை.

"ஒம்ம மொகத்தைப் பாத்துல்லா அன்னைக்குக் கேட்டேன்?" என்றார். "எனக்கு முன்னால நின்ன பொம்பளைக்கு மிக்சிக்குக் காதைப் பொத்துனீரு. நான் கேட்டதுக்கு கையை மடியில வச்சுக்கிட்டு இருந்தீரு."

"நல்லதுன்னு நான் தலையாட்டலியே."

"ஆட்டாம இருந்தீரே, அதுதான் ஆட்டுனது. மீன் வாங்க வாறவன்கிட்ட நான் அப்படிச் செஞ்சா என்னை என்ன சொல்லுவீய?"

அண்ணாச்சி சட்டையின் கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க. என் ரூவாயை வச்சிட்டுப் போங்க" என்றார் அந்த ஆள். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் டிவிக்குப் பின்னால் போய் ஒயரைக் கழற்றினேன். திரை நீலமாகிவிட்டது. பிள்ளை ஜாய்ஸ்டிக்கைக் கையிலிருந்து விடவில்லை.

"மாமா, எனக்கு இதுல ஒரு குறையும் தெரியலியே" என்றது.

அண்ணாச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். பெரியவர்களிடம் சொல்லுகிற அதே குரலில், "தாயி, இது ரொம்ப நாளு ஓடாது" என்றார்.

"எவ்வளவு நாளு ஓடும்?"

"ரெண்டு வருசம் ஓடலாம். சொல்ல முடியாது."

"எனக்கு ரெண்டு மாசம் ஓடுனாப் போதும். அதுக்குள்ள கட்டுப் பிரிச்சுருவாவ."

அந்த மனுஷன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி முழுப் பணத்தையும் எடுத்துக் கட்டிலில் வைத்து, மெஷினையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். "ஓசிக்கு வாங்கவா ஒங்களைக் கேட்டேன்?" என்று அந்த ஆள் பணத்தைத் தள்ளிவிட்டார்.

"ஓசி இல்லவே. இதுக்கு இன்னைக்கு உள்ள விலை பாதிதான். அந்தப் பாதி என்கிட்டயே இருக்கட்டும். மீதிப் பாதி நான் வாயை மூடுனதுக்கு. அதை நீரு வாங்கித்தான் ஆகணும்."

அந்த ஆள் பாதியை எண்ணி எடுத்துக்கொண்டார். நான் ஒயரைத் திரும்பவும் மாட்டினேன். அந்த வீட்டுக்காரரை ரோட்டைத் தாண்டி அனுப்பியதும் நான்தான். "போயி அண்ணாச்சி மொகத்தைப் பாத்துக் கேளுங்க" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்ல வந்த அண்ணாச்சி குறை முழுவதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டதால், என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

திரும்பும்போது திருச்செந்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் மொபெட்டை நிறுத்தினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டீ வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அந்த ஆளுகளை ஒங்ககிட்ட அனுப்புனது நான்தான்" என்றேன். "நீங்க ஒண்ணும் காட்ட மாட்டீயன்னு தெரிஞ்சேதான் அனுப்புனேன்."

"தெரியும்" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"ரெண்டாவது ஆளு வந்தப்பவே. 'எதுத்த கடைத் தம்பிதான் ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாரு'ன்னு அவனே சொன்னானே."

"பிறகு ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? ஊரு பூராவும் ஒங்களையே நொட்டை சொல்லுதான்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். கோபம் இல்லை. களைப்புத்தான் தெரிந்தது.

"எதுக்குலே ஒன்னைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன்? எனக்கு வழி தெரியாதா? பதினேழு வீடு. நீ எந்த வீட்டுல வாயைத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு மொபெட்டை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து ஊர் வந்து சேரும் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. என் முதலாளியின் மகளுடைய பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்கள். அந்த மெஷின்களில் ஒன்றுகூட இப்போது எங்கேயும் ஓடவில்லை என்று நினைக்கிறேன். நான் நல்லவன் என்று நீங்கள் இரண்டு பேரும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருந்தது.

ஆலந்தலையிலிருந்து வந்த மறுநாள் திங்கட்கிழமை. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு, இந்தத் தடவை தனியாக, முதல் வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன்.